வெங்காயத் தோட்டக்காரரின் வலது பாதம்

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. யாழ்ப்பாணம் உரும்பிராய்ப் பக்கம் வெங்காயமும் புகையிலையும் செய்கிற தோட்டக்காரர். பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம், குளிசை போடுகிறார். 2021 ஆகஸ்டில் கொரோனா வந்து 19 நாள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அதில் 11 நாள் செயற்கைச் சுவாசம். குப்புறப் படுக்க வைத்தும் வைத்தியம் செய்தார்கள். வீட்டுக்கு வரும்போது 17 கிலோ குறைந்து, கட்டிலில் எழும்பி இருக்கவே ஏலாமல் இருந்தார். இப்போது ஒன்பது மாதம். தானாக நடக்கிறார், ஆனால் வலது பாதம் மேலே எழும்பாமல் வாசற்படியில் தட்டுப்படுகிறது. இரண்டு உள்ளங்காலும் சொக்ஸ் போட்டது மாதிரி மரத்திருக்கிறது என்கிறார். களைப்பு. மறதி வேறு, பங்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் எங்கள் முறையையே இரண்டு தடவை மறந்துவிட்டார். போன செவ்வாய்க்கிழமை கோவிலடி வரை நடத்திக் கூட்டிப் போனோம். அன்றைக்கு நன்றாக இருந்தார். வியாழனும் வெள்ளியும் கட்டிலை விட்டு எழும்பவில்லை. அப்பாவுக்குப் பஞ்சி பிடித்துவிட்டது என்கிறார் அண்ணா. கனடாவில் இருக்கும் சித்தப்பா, விடாமல் பயிற்சி செய்யாவிட்டால் நரம்பு செத்துப்போகும் என்று சொல்லி யூரியூப் வீடியோக்களும் ஒரு அதிர்வு மெஷினும் அனுப்பியிருக்கிறார். பாதம் திரும்ப வருமா? எவ்வளவு பயிற்சி கொடுக்கலாம்? அவர் தோட்டத்துக்குப் போகலாமா? நல்லூர்க் கந்தசுவாமி கோவில் வீதியில் உருண்டு பிரதட்டை பண்ணுவதாக நேர்த்தி வேறு வைத்திருக்கிறார்.

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்தச் செவ்வாய்க்கிழமைதான், பாதத்தைப் பிறகுதான் பார்த்தேன். பஞ்சிக்காரருக்கு வேலை தொடங்கமுதலே களைத்துவிடும். உங்கள் அப்பா சந்தோஷமாக நடந்துபோய்த் திரும்பி வந்து, இரவுச் சாப்பாடும் சாப்பிட்டு, ஒன்றரை நாள் கழித்துத்தான் விழுந்திருக்கிறார். இதை அண்ணாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அவருடைய உடம்பில் இப்போது ஒன்றுக்கொன்று ஒத்துவராத வருத்தங்கள் சேர்ந்து இருக்கின்றன. காலுக்குத் தினமும் வேலை கொடுக்க வேண்டும். களைப்புக்கோ வேலையைக் குறைக்க வேண்டும். சித்தப்பா காலை மட்டும் பார்க்கிறார். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட்டுக் குழம்புகிறீர்கள். கடிதத்தை வைத்துக்கொண்டு நோய் இன்னதென்று முடிவுகட்ட, இயன்மருத்துவரான (பிசியோ) எனக்கு உரிமை இல்லை. நீங்கள் எழுதிய அடையாளங்களை வைத்துச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலில் கட்டிலில் எழும்பி இருக்க ஏலாமல் போன கதை. அதிதீவிர சிகிச்சையில் கிடப்பவர்களின் தொடைத் தசையை 2013இல் வெளியான ஓர் இலண்டன் ஆய்வில் ஸ்கேன் வைத்து அளந்திருக்கிறார்கள். பத்தே நாளில் சராசரியாக ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மெலிந்திருந்தது. அதோடு கைகால்களுக்குப் போகும் நரம்புகளின் நுனிகளும் அடிபடும். கொரோனாவுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். எந்தக் கடும் கிருமித்தொற்றிலும் நீண்ட நாள் கிடந்தால் வரும். அநேகமாக இரண்டு பக்கமும் ஒரே அளவில் வரும், மெதுவாகத் தெளியும். (பத்திரிகை விளம்பரங்களில் வரும் ‘நரம்புத் தளர்ச்சி’க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த லேகியங்களுக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.) அப்பா எழும்பி நடக்கிறார் என்றால் இதில் பெரும்பகுதி கடந்துவிட்டது. உள்ளங்கால் மரத்திருப்பது இதன் மிச்சமாக இருக்கலாம், பன்னிரண்டு வருடச் சீனி வருத்தத்தாலும் இருக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. அவர் போடும் குளிசை மெற்போமின் என்றால், பல வருடப் பாவனையில் உடம்பில் பி12 விற்றமின் குறையக்கூடும். அதுவே காலை மரக்கச் செய்யும், மறதியையும் களைப்பையும் கூட்டும். அடுத்த கிளினிக்கில் பி12, தைரொயிட், இரத்தச்சோகை மூன்றையும் சோதிக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வலது பாதம் வேறு விஷயம். ஒரு பாதம் மட்டும் தொங்கினால் அந்தக் காலுக்குப் போகும் நரம்பு தனியாக ஓரிடத்தில் நசிந்திருக்கலாம். உங்கள் முழங்காலின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சற்றுக் கீழே சின்னக் குமிழ் மாதிரி ஓர் எலும்பு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டுதான் பாதத்தை மேலே தூக்கும் பெரோனியல் நரம்பு முன்னுக்குப் போகிறது. அந்த இடத்தில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் நரம்புக்குப் பாதுகாப்பு என்று சொல்லக் கொஞ்சக் கொழுப்புத்தான். 17 கிலோ குறைந்தவருக்கு அதுவும் போய்விடும். நினைவில்லாமல் கிடக்கும்போது கால் வெளிப்பக்கம் சரிந்து மெத்தையிலோ கட்டில் கம்பியிலோ அழுந்தினால் போதும். சீனி வருத்தக்காரரின் நரம்பு சாதாரண அழுத்தத்தையே தாங்காது. அதோடு நீண்ட நேரம் குந்தியிருந்தாலும் இதே நரம்பு இதே இடத்தில்தான் நெரிபடும். நாற்பது வருடம் குந்தியிருந்து வெங்காயம் நட்டு, களை பிடுங்கி, கிண்டியவரின் முழங்கால் அது. ஆஸ்பத்திரிக்குப் போகமுதலே அந்த நரம்பு அரைவாசி நொந்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நாரியில் இருந்து வரும் நரம்பு அழுந்தினாலும் பாதம் தொங்கும். இரண்டையும் பிரித்தறிய நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தை அளக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. ஒன்பது மாதமாகியும் அது செய்யவில்லை என்றால், கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் யாழ் போதனா வைத்தியசாலை நரம்பியல் கிளினிக்குக் கடிதம் கேளுங்கள்.

சரி, பாதம் வருமா? போர்க்காலத்தில் செல் துண்டு பட்டு இதே நரம்பு அறுந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். அறுந்த நரம்பு வேறு, நசிந்த நரம்பு வேறு. நசிந்ததில் மேலுறை மட்டும் பழுதானால் சில வாரங்களில், கூடினால் மூன்று மாதத்தில் திரும்பும். உள்ளே இருக்கும் இழை பழுதானால் அது நசிந்த இடத்தில் இருந்து புதிதாக வளர்ந்து வர வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீற்றர், ஓர் எள்ளின் தடிப்பு. முழங்காலடியில் இருந்து முன்காலின் தசைக்குச் சில சென்ரிமீற்றர், விரல்கள் வரைக்கும் முப்பதுக்கு மேல். கணக்குப் பார்த்தால் முன்காலின் தசையில் இப்போது ஏதாவது அசைவு தெரிய வேண்டிய காலம். விரல்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இன்றைக்கு மத்தியானம் ஒன்று செய்து பாருங்கள். அப்பாவைக் கட்டிலில் காலை நீட்டி இருத்துங்கள். உங்கள் இரண்டு விரலை அவருடைய வலது கணுக்காலின் முன்பக்கம், கொஞ்சம் உட்பக்கமாக வையுங்கள். இரண்டு பாதத்தையும் ஒன்றாக மேலே இழுக்கச் சொல்லுங்கள். பாதம் அசையாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் விரலடியில் கயிறு ஒன்று விறைக்கிற மாதிரித் தெரிகிறதா? தெரிந்தால், ஐந்துக்கு ஒன்று. அதுதான் நாங்கள் தசைப் பலத்துக்குப் போடும் புள்ளி. பிறகு அவரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, பாதத்தைப் பலகையில் வைத்துப் பவுடர் தூவி, அதையே செய்யச் சொல்லுங்கள். பாரம் இழுக்காத அந்த நிலையில் பாதம் முழுதாக வழுக்கி வந்தால் இரண்டு புள்ளி. இருந்தபடியே மேலே தூக்கினால் மூன்று. மூன்று வந்தவர் வாசற்படியைக் கடப்பார். ஒரு புள்ளிகூட இல்லையென்றால் கவலைப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், நரம்பு வைத்தியரைப் பார்ப்பதை முந்தப் பாருங்கள். சத்திரசிகிச்சையால் அழுத்தத்தை விடுவிக்கலாமா என்று யோசிக்கவும் ஒரு காலக்கெடு இருக்கிறது.

நரம்பு வரும் வரைக்கும் வீட்டில் செய்ய வேண்டிய முக்கிய வேலை, பாதம் கீழே தொங்கியபடியே இறுகிப்போகாமல் பார்ப்பது. பழைய சாரம் ஒன்றை நீளமாக மடித்து, பாதத்தின் முன்பகுதியில் போட்டு, முழங்கால் நேராக இருக்க இரண்டு கையாலும் தன் பக்கம் இழுக்கட்டும். கெண்டைக்கால் இழுபட வேண்டும், நோகக் கூடாது. முப்பது எண்ணும் வரை பிடித்து விடுவது, நான்கு தடவை, காலையும் மத்தியானமும் இரவும். அடுத்தது, மேலே சொன்ன அதே அசைவு, பத்துத் தடவை. பத்தாவது அசைவு முதலாவது மாதிரியே இருக்க வேண்டும். ஏழாவதிலேயே தளர்ந்தால் ஏழு போதும். புதிதாக நரம்பு வந்து சேரும் தசையைக் களைக்கக் களைக்க வேலை வாங்கினால் அது பின்னுக்குப் போகும். தொடைக்கு, உயரமான கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பது. இவ்வளவும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். படுத்தோ இருந்தோ செய்வதால் களைப்பையும் அதிகம் கிளப்பாது.

பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்ரிக் தாங்கி ஒன்று கட்டாயம் வேண்டும். ‘அதைப் போட்டால் கால் சோம்பிவிடும்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படி ஆகாது. தடக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால்தான் கால் சோம்பும். யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் செய்யும் ஜெய்ப்பூர் நிலையத்தில் கேட்டுப்பாருங்கள், அல்லது உங்கள் இயன்மருத்துவர் ஊடாக வைத்தியசாலையில். அளவெடுத்துச் செய்வதுதான் நல்லது, ஏனென்றால் மரத்த தோலில் தாங்கி உரசிப் புண்ணானாலும் அவருக்குத் தெரியாது. முதல் வாரம் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். பாட்டாச் செருப்பு வேண்டவே வேண்டாம்; குதியில் வார் உள்ளது வாங்குங்கள்.

அதிர்வு மெஷினை அலுமாரியில் வையுங்கள். சித்தப்பா கோபிக்க மாட்டார். ‘கரண்ட் வைத்தால்’ நரம்பு வளருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கத்தான் போகிறீர்கள். நரம்பு வேகமாக வளர்வதற்கு நம்பக்கூடிய ஆதாரம் போதாது. மரத்த தோலில் வீட்டிலே வைத்தால் சுட்டுவிடும். சுடுதண்ணி ஒத்தடமும் அப்படித்தான். நல்லெண்ணெய் தேய்ப்பதைத் தாராளமாகச் செய்யுங்கள், தேய்க்கிற சாட்டில் விரலிடுக்கையும் உள்ளங்காலையும் தினமும் ஒருவர் பார்த்ததாக இருக்கும்.

இனிக் களைப்பு. இதில் நானே ஒரு பிழை விட்டிருக்கிறேன். 2021இன் தொடக்கத்தில், கொரோனா வந்து தெளிந்த ஓர் இளம் ஆசிரியை வந்தார். நுரையீரல் நல்லம், இதயம் நல்லம், கைகால் பலம் எல்லாம் ஐந்துக்கு ஐந்து. இருபது வருடமாக நான் படித்ததும் கொடுத்ததும் ஒன்றுதான்: கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. வாரத்துக்கு வாரம் நடையைக் கூட்டினேன். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டு செய்தார். அடுத்த கிழமை வந்து, மூன்று நாள் படுத்திருந்தேன் என்பார். நான் அதைப் பயம் என்று நினைத்தேன். ஐந்தாவது கிழமை அவர் வரவில்லை. குளிக்கவே இன்னொருவர் உதவி தேவைப்படுகிறது என்று தாயார் வந்து சொன்னார். அந்த வருடம் செப்ரெம்பர் 8, உலக இயன்மருத்துவ நாளின் கருப்பொருளே நீண்டகாலக் கொரோனாவும் மறுவாழ்வும்தான். கொரோனாவுக்கு முன்பே இருந்த, இதே குணமுள்ள நாட்பட்ட களைப்பு நோய்க்கு, படிப்படியாகக் கூட்டும் பயிற்சியைக் கொடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பும் 2021 ஒக்ரோபரில் தன் வழிகாட்டலை மாற்றியது. அந்த ஆசிரியைக்கு அது கொஞ்சம் பிந்திவிட்டது.

அதனால் அப்பாவுக்கு ஒரு கொப்பி வாங்குங்கள். காலை, மத்தியானம், பின்னேரம் என்ன செய்தார் என்று ஒரு வரி. பக்கத்தில், களைப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று அவர் சொல்லும் இலக்கம். நடை, குளிப்பு மட்டும் எழுதினால் காணாது. வீட்டுக்கு ஆட்கள் வந்து இரண்டு மணித்தியாலம் கதைத்தது, வங்கிக்குப் போய் வரிசையில் நின்றது, மண்ணெண்ணெய்க்கு அலைந்தது, அண்ணாவோடு சண்டை பிடித்தது, எல்லாம் எழுத வேண்டும். மூளைக்கு வரும் களைப்பும் அதே கணக்கில்தான் விழும். இரண்டு கிழமையில் எது அவரை விழுத்துகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பார்க்க வேண்டியது அன்றைய நாளை அல்ல. அடுத்த நாளையும் அதற்கு அடுத்த நாளையும்.

தொடங்கும் அளவுக்கு நான் கொடுப்பது, நல்ல நாளில் அவரால் இயலுமானதில் அரைவாசி. கோவிலடி வரை போக முடிகிறது என்றால் படலை வரை போய், அங்கே ஒரு கதிரை போட்டு இருந்து, திரும்பி வரட்டும். களைத்த பிறகு ஓய்வெடுப்பதில் பலன் குறைவு. களைக்கமுதல் இருக்க வேண்டும். ‘இன்றைக்கு நல்லா இருக்கிறேன்’ என்று அவர் சொல்லும் நாளில்தான் நீங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், அன்றைக்குத்தான் மண்வெட்டியைத் தூக்கப் பார்ப்பார். இரண்டு கிழமை ஒருதரம்கூட விழாமல் போனால், ஏதாவது ஒன்றை மட்டும், மிகக் கொஞ்சமாகக் கூட்டலாம். விழுந்தால் பழைய அளவுக்கு இறங்குங்கள், பேச்சு ஒன்றும் வேண்டாம்.

கொரோனா நேரம் வாங்கிய, விரலில் மாட்டும் ஒட்சிசன் மீற்றர் வீட்டில் இருக்கும்தானே. நடக்கமுதலும் நடந்து முடிந்தும் பாருங்கள். ஒட்சிசன் நான்கு புள்ளி இறங்கினால் நிறுத்தி வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அதில் வரும் நாடித்துடிப்பும் உதவும். படுத்திருக்கும்போது ஒருதரம், எழும்பி நின்று பத்து நிமிடத்துக்குள் இரண்டு மூன்று தரம் எழுதுங்கள், பக்கத்தில் ஒருவர் பிடிக்க நிற்க வேண்டும். துடிப்பு படுத்திருந்ததைவிட முப்பதுக்கு மேல் கூடினாலோ, அல்லது தலை சுற்றி இரத்த அழுத்தம் இறங்கினாலோ அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது. சிலருக்குக் ‘களைப்பு’ என்று நாங்கள் நினைப்பது இதுவாக இருந்துவிடுகிறது.

மறதிக்கு நான் பெரிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. தண்ணீர் முறையைக் கலண்டரில் எழுதி அடுப்படியில் தொங்கவிடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலை, இரவு நித்திரை. மணம் திரும்பிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் தேசிக்காய்த் தோல், கராம்பு, யூக்கலிப்ரஸ், ரோசாப்பூ நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக மணந்து பழக்கலாம். மாதக்கணக்கில் செய்ய வேண்டும். அதுவரை காஸ் அடுப்பருகே அவரைத் தனியே விட வேண்டாம்.

தோட்டம். போகலாம், குந்தக் கூடாது. வரம்பில் சின்னப் பலகைக் கட்டை ஒன்று போட்டு இருந்து வேலை செய்யட்டும். காலுக்கு மேல் கால் போடுவதும் சம்மணம் கட்டுவதும் இந்த நரம்புக்கு ஆகாது. வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்குவதை இனி மறக்க வேண்டும், முள் குத்தினாலும் மருந்து பட்டாலும் அவருக்குத் தெரியாது. முதல் போகத்துக்கு அவர் மேற்பார்வை, மண்வெட்டி அண்ணாவுக்கு.

நல்லூரைப் பற்றி என்னைக் கேட்டால், இந்த வருடம் பிரதட்டை இல்லை. மத்தியான மணலில் மரத்த பாதம் கொப்பளித்து, ஆறு மாதம் ஆறாத புண்ணோடு வந்தவர்களை ஒவ்வொரு வருடமும் திருவிழா முடிந்த கையோடு பார்க்கிறேன். பின்னேரம் வெயில் தாழ்ந்தபிறகு போகட்டும், வாசல் வரைக்கும் ஓட்டோவில் போய் ஓரிடத்தில் இருந்து கும்பிடட்டும். நேர்த்தியை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கக் கந்தனிடம் கேட்டுக்கொள்ளலாம், அவர் ஒன்றும் கந்துவட்டிக்காரர் இல்லை.

இவை வந்தால் மட்டும் எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள், 1990 இலக்க அம்புலன்சுக்கு அடியுங்கள்: முகம் ஒரு பக்கம் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் திடீரென விழுதல், நாள்கணக்கில் இரண்டு காலிலும் தொடங்கி மேல்நோக்கி ஏறும் பலக்குறைவு, மூச்சு விடவோ விழுங்கவோ கஷ்டம், சிறுநீர் போகாமல் அல்லது தெரியாமல் போதல், நெஞ்சு நோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவத்தல்.

கிழமைக்கு இரண்டு தரம் பிசியோவுக்குக் கொண்டுவாருங்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வருகிற வழியே அவருடைய ஒரு நாள் பலத்தைத் தின்றுவிடும். மாதம் ஒருதரம், கிட்ட இருக்கும் வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவில் காட்டினால் போதும், மிச்சம் வீட்டில் நடக்கட்டும். போகும்போது கிளினிக் கொப்பி, களைப்புக் கொப்பி இரண்டோடு அவர் இவ்வளவு நாளும் போட்டுத் திரிந்த செருப்புச் சோடியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வலது செருப்பின் முன்விளிம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.